குருவியின் கால்

அக்கா,

இன்று காலை என் கம்ப்யூட்டரிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது.

வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் யாரும் புகை போடவில்லை. சிரம்பான் ரஹாங்கில் இந்த மாடி வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் இருமுகிறார் என்று அம்மா அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டாள். வாசம் வந்தது, ஸ்கிரீனில் படம் வரைகிற உன் பழைய கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான். அதன் இரண்டு விசிறிகளில் ஒன்று நின்றுபோயிருக்கிறது. கார்டு சூடேறி, தகடுகளுக்கு இடையில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த தூசி வெந்து, தோட்டத்து வீட்டின் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் என் அறைக்குள் வந்துவிட்டது. அங்கே உன் கம்ப்யூட்டர் சாமிப் படத் தட்டுக்குக் கீழேதானே இருந்தது. அம்மா வாரம் தவறாமல் தூபக்காலை அதன் மூஞ்சிக்கு நேராகக் காட்டுவாள். "சாமிக்குக் காட்டுறியா, சிபியூவுக்குக் காட்டுறியாம்மா?" என்று நீ கேட்பாய். "நீ ரெண்டையும்தானே கும்புடுற," என்பாள் அவள்.

கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ், துணி, தெர்மல் பேஸ்ட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பத்து நிமிஷ வேலை. கை போகவில்லை. அம்மா வந்து அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "அவ வீட்டு வாசம்டா," என்றாள். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நாங்கள் பேசியதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து வருகிறேன். நடுவில் ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா.

நம் வீட்டில் ஒரு வழக்கம். உனக்குப் புதுசு வந்தால் உன் பழசு எனக்கு. உன் சைக்கிள், உன் பள்ளிக்கூடப் பை, உன் ஜியாமெட்ரி பெட்டி. ரோஜாப்பூ போட்ட உன் குடையைக்கூட நான் இரண்டு வருஷம் பிடித்துக்கொண்டு போனேன், பையன்கள் சிரிக்கச் சிரிக்க. நான் வளர்ந்து, கல்யாணமாகி, சிரம்பானில் ஃபேக்டரி வேலைக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. நீ ஹேண்ட்போன் மாற்றினால் எனக்கு ஒரு ஹேண்ட்போன் வரும். நீ கம்ப்யூட்டருக்குப் புதிதாக எதையாவது வாங்கினால், கழற்றியது ஒரு பழைய துண்டில் சுற்றி எனக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு பிள்ளைகள், அவர்கள் பின்னால் ஆயிரம் செலவு. கேம் விளையாட ஒரு சாமான் வாங்கப்போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. "அக்கா குடுத்துச்சு" என்று சொன்னால் மட்டும் வீட்டில் சத்தம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான்.

நீ ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. நாற்பத்திரண்டு வயசு, தனி ஆள், கூட அம்மா. நாள் முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைக் கணக்கு, ஆள் வருகை, லாரி நம்பர். ஐந்து மணிக்கு வீடு. குளித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் நீ குதிரைமேல் ஏறிப் பனிமலையில் போய்க்கொண்டிருப்பாய். தோட்டத்தில் இதை ஒரு அதிசயமாகப் பேசுவார்கள். கிராணியம்மா சின்னப் பிள்ளை மாதிரி கேம் விளையாடுதாம் என்று. உனக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. சுடுகிற கேம் உனக்கு ஆகாது. எதிரி வந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடுவாய். "அடிச்சா செத்துருவான்க்கா, அடி" என்று நான் பக்கத்தில் கத்துவேன். "அவன் பாட்டுக்கு இருக்கான், எனக்கென்னடா" என்பாய். உனக்கு வேண்டியதெல்லாம் நடக்க ஒரு காடு. "சன்னலத் தொறந்தா செம்பனை, ஆபீஸ் போனா செம்பனை, பஸ் ஏறுனா ரெண்டு பக்கமும் செம்பனை. எனக்கு வேற எலையப் பாக்கணும்டா."

அப்படித்தான் ஃபோர் கே ஆசை உனக்கு வந்தது. சாதாரண ஸ்கிரீனைவிட நான்கு மடங்கு புள்ளிகள். "ஒவ்வொரு எலையும் தனித்தனியாத் தெரியுமாம்டா" என்று போனில் நீ சொன்னபோது உன் குரல் பத்து வயசுக்குப் போயிருந்தது. ஒரேயடியாக எல்லாம் மாற்ற முடியாது. அதனால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் திட்டம் எழுதினாய். முதலில் ஸ்கிரீன், முடிந்தால் கார்டு, அதுக்கு மேலே தேவைப்பட்டால் பவர் சப்ளை. அதன் முதல் பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தாய், வாயாலும் சொல்லிக்கொண்டே இருப்பாய்: "ஒரு நேரத்துல ஒன்னத்தான் மாத்தணும். ரெண்டு மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும்." ஆபீஸ் கணக்கு பார்க்கிற மூளை. உன் பழைய கார்டே போதும் என்று நாம் இரண்டு பேருமே நினைத்திருந்தோம். அதில் ஒரு வித்தை உண்டு. படத்தைச் சின்னதாக வரைந்து, பிறகு ஃபோர் கே அளவுக்கு நீட்டிக் காட்டும். சரியாக அமைத்தால் வித்தியாசம் தெரியாது. கைக்கடக்கமாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

தீபாவளி போனஸில் ஸ்கிரீன் வாங்கினாய். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து பூட்டிக்கொடுத்தேன். அமைப்பை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரி பண்ணி, கேமைத் திறந்தேன். காட்டு ஓரம். மழை விட்ட நேரம். ஒரு கிளையில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

அக்கா, நான் மூச்சையே விட மறந்துவிட்டேன். அந்தக் குருவி கிளையைப் பிடித்திருந்த விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. மரப்பட்டையில் அதன் நகம் பதிந்திருந்தது தெரிந்தது. பழைய கார்டு இவ்வளவு காட்டுமா என்று நானே அசந்துபோனேன்.

நீ முன்னால் சாய்ந்து பார்த்தாய். பின்னால் போய்ப் பார்த்தாய். துண்டின் நுனியால் ஸ்கிரீனைத் துடைத்தாய்.

"மங்கலா இருக்கேடா," என்றாய்.

அரை விநாடிதான். அந்த அரை விநாடியில் என் தலைக்குள் ஓடியதை எழுதிவிடுகிறேன், மூன்று வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. படம் நன்றாக இருக்கிறது என்றால் உன் திட்டம் ஸ்கிரீனோடு நிற்கும். கார்டு உன்னிடமே இருக்கும். படம் சரியில்லை என்றால் நீ புதுக் கார்டு வாங்குவாய். இந்தக் கார்டு துண்டில் சுற்றி என் வீட்டுக்கு வரும்.

"ஆமாக்கா," என்றேன். "மங்கலாத்தான் இருக்கு. கார்டு பத்தல. சின்னதா வரைஞ்சு நீட்டுதுல்ல, அதான்."

அம்மா வாழைப்பழம் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கிரீனைப் பார்த்து நின்றாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்குக் கண் ஆப்பரேசன் ஆகியிருந்தது. "எனக்கு அந்தக் குருவியோட காலு வரைக்கும் தெரியுதே," என்றாள்.

"அம்மா, உனக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது. நீ சும்மா இரு," என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். நீ சிரித்தாய். "ஆப்பரேசன் பண்ண கண்ணுல்ல, அதான் பீத்திக்குது!" அம்மா தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீ பழத்தை ஊதி ஊதித் தின்றுகொண்டே, "ஆபீஸ் ஸ்கிரீனும் இப்பல்லாம் இப்படித்தான்டா இருக்கு. அதுவும் பழசாயிடுச்சு போல," என்றாய். நான் அதைக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பன்னிரண்டு வருஷமாக உனக்குச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போடுவாய், தேத்தண்ணியில் மட்டும் கள்ளத்தனமாக ஒரு கரண்டி சீனி. அந்த மாதம் கிளினிக்கில் உனக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணுக்குள்ளே படம் எடுத்துப் பார்ப்பார்களாம், ஒரு புதன்கிழமை, சிரம்பானில். அந்த அட்டையைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்தாய்.

நான் கார்டு தேட ஆரம்பித்தேன். என் சொந்தக் காரியத்துக்கு அவ்வளவு சுறுசுறுப்பாக நான் இருந்ததே இல்லை. கோலா கிளாவாங்கில் ஒரு மலாய்க்காரர் மூன்று விசிறி வைத்த நல்ல கார்டு ஒன்றை விற்பதாகப் போட்டிருந்தார். உன் திட்டத்துக்குள் அடங்குகிற விலை. அவருக்கு அந்தப் புதன்கிழமைதான் லீவு. எனக்கும் அன்றைக்கு ஷிப்ட் இல்லை.

"புதன்கிழமை கண்ணுப் படம்டா," என்றாய்.

"அத மாத்திக்கலாம்க்கா. இது விட்டா போயிடும்லா, ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

ரெண்டு பேரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நானாகச் சொன்னது. நீ கிளினிக்குக்குப் போன் பண்ணினாய். அங்கே எப்போதும் கூட்டம். அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "கார்டு மாத்துனா சரியாயிடும்தானே?"

"கண்டிப்பா சரியாயிடும்க்கா."

நீ அந்த நாலு மாதத் தேதிக்குச் சரி என்று சொல்லிப் போனை வைத்தாய். அட்டையில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதினாய்.

புதன்கிழமை என் காரில் போனோம். சிரம்பான் வழியாகத்தான் போகவேண்டும். கண் படம் எடுக்கிற இடத்துக்குத் திரும்புகிற ரோட்டைத் தாண்டித்தான் போனோம். நீ அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். வழியில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி, காருக்குள் மிளகாய்ச் சம்பல் வாசம் அடிக்க, நீ சின்னப் பிள்ளை மாதிரிக் கால் ஆட்டிக்கொண்டு வந்தாய். லீவு எடுத்து ஊர் சுற்றுவது உனக்கு எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ. மலை ரோடு வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்ததும் கண்ணாடியை இறக்கினாய். செம்பனை முடிந்து நிஜக் காடு வந்தது. உனக்குப் பிடித்த வேற இலை, ரோட்டின் இரண்டு பக்கமும்.

"என்னடா, பத்து மணிக்கு இவ்வளவு பனி?" என்றாய்.

பனியே இல்லை, அக்கா. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"மலைல்லக்கா," என்றேன்.

அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உறைத்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் கோலா கிளாவாங் வந்துவிடும், கார்டு காத்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன கேள்வி என்று ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அந்த மலாய்க்காரர் நல்ல மனுஷர். நமக்கு டீ போட்டுக் கொடுத்து, கார்டைத் தன் கம்ப்யூட்டரில் பூட்டி ஓடவிட்டுக் காட்டினார். "ஜெலாஸ், கான், காக்?" என்று உன்னைக் கேட்டார். தெளிவாக இருக்கிறதல்லவா அக்கா என்று. நீ மரியாதைக்குத் தலையை ஆட்டினாய். காருக்குள் வந்து உட்கார்ந்ததும், "அவன் ஸ்கிரீனும் மங்கலாத்தான்டா இருந்துச்சு," என்றாய்.

"அது மட்டமான ஸ்கிரீன்க்கா," என்றேன். அந்த ஆளுடைய ஸ்கிரீன் உன்னுடையதைவிட நல்லது.

அன்று சாயங்காலம் புதுக் கார்டு உன் கம்ப்யூட்டரில் ஏறியது. பழையது துண்டில் சுற்றி என் காரின் முன் சீட்டில் ஏறியது. நீ ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பரவால்லலா," என்றாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பாத்தியா, சொன்னேன்ல என்றேன். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் உன் கார்டில் விளையாடிப் பார்த்து, ஸ்கிரீனைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். "அக்கா செம்ம" என்று போட்டேன். நீ எழுத்தில் பதில் போடவில்லை, குரல் பதிவு அனுப்பினாய். அதற்கப்புறம் எல்லாமே குரல்தான். டைப் பண்ண உனக்குச் சோம்பேறித்தனம் என்று நான் கிண்டல் பண்ணினேன். எழுத்து கண்ணுக்குத் தெரியாமல்தான் நீ பேசி அனுப்பினாய் என்பது எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்காதே.

நீ மாற்றிக்கொண்டே இருந்தாய். கேபிளை மாற்றினாய். ஸ்கிரீனைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாய். அமைப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாய். ஒரு நேரத்தில் ஒன்றுதான், உன் விதிப்படி. மாற்றுகிற ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாய், பக்கத்தில் "மங்கல்", "மங்கல்", "அதே" என்று. அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பக்கம் போகப்போக உன் எழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசிப் பக்கத்தில் நாலே வார்த்தை. எல்லாச் சாமானையும் சந்தேகப்பட்டாய், தம்பியை மட்டும் சந்தேகப்படவில்லை. அவனும் மங்கல் என்றுதானே சொன்னான். இரண்டு பேருக்கு மங்கலாக இருந்தால் கோளாறு கண்ணில் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு. உன் கணக்கில் தப்பே இல்லை, அக்கா. நான் கொடுத்த எண்தான் பொய்.

மூன்றாவது மாதம் முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். ஸ்கிரீனில் ஒரு கறுப்பு நூல் ஓடுகிறது, துடைத்தாலும் போகவில்லை என்றாய். வந்து பார்த்தேன். ஸ்கிரீன் சுத்தமாக இருந்தது.

"எங்கக்கா?"

"இங்க." விரலை வைத்தாய். விரல் நகர்ந்தது. "இப்ப இங்க." விரல் ஸ்கிரீனை விட்டு வெளியே போய்ச் சுவரில் நின்றது. "சுவத்துக்குப் போயிடுச்சுடா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமிப் படத்துக்குக் கீழே, உன் கம்ப்யூட்டர் பக்கத்தில். நீ இன்னும் விரலைச் சுவரில் வைத்துக்கொண்டு, அது எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று நாலு மாதம் முந்தி வந்திருந்தால் லேசர் வைத்து நிறுத்தியிருக்கலாம் என்று சொல்லி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "தேதி இருந்துச்சு டாக்டர். நான்தான் மாத்திட்டேன்," என்றாய் நீ. நான் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தக் கைப்பையின் வாரை நான் முறுக்கிய முறுக்கில் அதன் கொக்கி கழன்று விழுந்தது. நீ குனிந்து தரையைத் தடவினாய்.

வலது கண் போனது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம். வேலையை விட்டாய். சர்க்கரை கண்ணோடு நிற்கவில்லை, சிறுநீரகத்துக்குப் போனது. ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூன்று நாள் போகவேண்டும் என்றதும் உன்னையும் அம்மாவையும் ரஹாங்குக்குக் கூட்டிவந்தேன். ஊரே என்னைப் புகழ்ந்தது. இந்தக் காலத்தில் அக்காவை இப்படி யார் பார்ப்பார்கள் என்று கோயிலில் ஒரு ஆள் என் தோளைத் தட்டினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

உன் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்திருந்தோம். "சும்மாதானே கிடக்கு. நீ ஓட்டு, நான் கேக்குறேன்," என்றாய். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் மத்தியானம் நான் குதிரையை ஓட்டுவேன், நீ பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பனியில் குளம்பு மிதிபடுகிற சத்தத்தைக் கேட்பாய். "இப்ப என்ன தெரியுது?" என்பாய். மரம்க்கா என்பேன். "மரம்னா? எல எப்படி இருக்கு? நீளமா, வட்டமாடா?" நான் தடுமாறுவேன். "உனக்குப் போய்க் கண்ணக் குடுத்தானே கடவுள்!" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் மத்தியான ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன்.

ஒரு மத்தியானம். அதே காட்டு ஓரத்துக்கு வந்திருந்தோம். அம்மா அறை வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தெளிவா இருக்காடா?"

"இருக்குக்கா."

"மொத நாளு, ஸ்கிரீன் வாங்குன அன்னைக்கு..." நீ நிறுத்தினாய். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. "அன்னைக்கும் உனக்குத் தெளிவாத்தான் இருந்துச்சா?"

குதிரை நின்றுவிட்டது. என் விரல் பொத்தானிலிருந்து எடுபட்டிருந்தது. நெத்திலி கிள்ளுகிற சத்தமும் நின்றது. நீ கோபமாகக் கேட்கவில்லை, அக்கா. காய்கறி விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாய்.

"இல்லக்கா," என்றேன். "எனக்கும் மங்கலாத்தான் இருந்துச்சு."

நீ நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாய்.

"சரிடா. ஓட்டு," என்றாய்.

ஓட்டினேன். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உன் நெஞ்சு நின்றுபோனது.

உன் கம்ப்யூட்டர் என் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி இருக்கிறது, அந்த மூன்று விசிறிக் கார்டோடு. அதைப் பூட்டிக்கொள்ளேன் என்று என் மனைவிகூடச் சொன்னாள். நான் தொடவில்லை. நான் பொய் சொல்லி வாங்கியது இந்த இரண்டு விசிறிதான். இதோடு கிடக்கிறேன்.

இன்று காலை அம்மா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் மென்று விழுங்கியதை வெளியே துப்பினேன்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் குருவி காலு எனக்கும் தெரிஞ்சுச்சு. நல்லாத் தெரிஞ்சுச்சும்மா. இந்தக் கார்டுக்கு ஆசப்பட்டுத்தான் மங்கல்னு சொன்னேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றுகூட நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவள் கார்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள். "அவளுக்கும் தெரியும்."

கண்ணில் ரத்தம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, வீட்டுக்கு வந்ததும் நீ அம்மாவைக் கேட்டாயாமே. "அம்மா, அந்தக் குருவி காலு உனக்கு நெசமாவே தெரிஞ்சுச்சா?" என்று. அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சுச்சு என்றாளாம். நீ சன்னல் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றாயாம். பிறகு வந்து சொன்னாயாம்: "தம்பிகிட்ட இத நீ கேக்காத. அவனே ஒருநாளு சொல்லுவான்."

அப்படியானால் அந்த மத்தியானம் நீ என்னை விசாரிக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்தாய். நான் உள்ளே வரவேண்டியதுதான் பாக்கி. அந்தக் கதவை உன் மூஞ்சியில் சாத்தினேன். அதற்கும் நீ "சரிடா" என்றாய்.

"அவ கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லடா," என்றாள் அம்மா. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மணி இரண்டாகப் போகிறது. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. நான் இங்கேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்டு மேசைமேல்தான் இருக்கிறது. விசிறியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வேன். தூசியைத் துடைக்கமாட்டேன். சூடேறும்போதெல்லாம் வாசம் வரட்டும், எனக்கு அது வேண்டும். உன் பழசு எல்லாமே எனக்குத்தானே வந்தது. நீ கேட்ட கேள்வியும் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அதை வைத்துக்கொண்டு திரிகிறேன். கேட்டவள் போன பிறகு சொல்கிற பதிலுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீ கேட்டாய்.

அக்கா, தெளிவாத்தான் இருந்துச்சு. மொத நாளே. குருவி காலு வரைக்கும்.